கழுவல் மோதினாரும் குடிகாரக் கிளியும்

சாலி மோதினாரின் கதையைச் சொல்ல வந்தால் ஒரு கிளியின் கதையைச் சொல்லாமல் தீராது. இது அவர் காதில் விழுந்தால் கோபம்தான் வரும். பத்தொன்பது வருஷமாக ஐந்து வேளையும் தவறாமல் பாங்கு சொன்ன மனுஷன் இருக்க, ஒரு பிடிக்குள் அடங்கிப்போகிற பச்சைக் கிளி எதற்காக முன்னால் வந்து நிற்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிளி எந்த நியாயத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. இந்தக் கதையில் மட்டும் கட்டுப்பட்டுவிடுமா?

ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடைக்குப் போகிற பாதையில், தேயிலை மலை கொஞ்சம் விலகி வழிவிடுகிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகள். கடைகளுக்கு மேலே, மேட்டில், ஓடு போட்ட சின்னப் பள்ளிவாசல். கடைகளுக்குக் கீழே ஓடை. ஓடையிலிருந்து பள்ளிக்கு எழுபத்திரண்டு படி. இந்த எழுபத்திரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், சாலியின் வாழ்க்கை பாதி விளங்கிவிடும்.

தெரணியகலையில் தலைச்சுமை வியாபாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் சாலி. வியாபாரம் அவருக்கு வரவில்லை. விலை கேட்டால் வாங்கிய விலையையே சொல்லிவிடுவார். குரல் மட்டும் நன்றாக வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் இந்தப் பள்ளிக்கு மோதினாராக வந்து சேர்ந்தார். பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, தொழ வருகிறவர்கள் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கிற ஹவுளுக்குத் தண்ணீர் நிறைப்பது, இவ்வளவும் அவர் வேலை. பதிலுக்குப் பள்ளியை ஒட்டிய ஓர் அறையும் அரிசியும். அந்த அறைக்குத்தான் மனைவி ரஹ்மாவைக் கூட்டிவந்தார். வேறு வீடு வாசல் அவர்களுக்கு எங்கேயும் இல்லை.

முதலில் ஹவுள் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நாலைந்து மண் பானைதான். இருபதாம் ஆண்டில், பள்ளிப் பொறுப்பை ஏற்ற துணிக்கடை அப்துல் ரஸாக் முதலாளி, தன் வாப்பாவின் பெயரைப் பொறித்து சீமெந்தில் ஒரு ஹவுள் கட்டினார். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம். ஊரே மெச்சியது. கட்டும்போது அண்ணாந்து பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நேர் மேலே, பக்கத்துக் காணியிலிருந்து சாய்ந்து நின்றது ஒரு கித்துள் மரம், கூந்தல்பனை.

மரம் பக்கத்துச் சிங்கள ஊர் ஹீன் அப்புவுடையது. பாளை சீவி, மண் முட்டி கட்டி, இனிப்பு நீரை இறக்கிக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்வது அவர் பிழைப்பு. முட்டிக்குள் ஹல் மரப் பட்டை போட்டால் நீர் புளிக்காது. ஹீன் அப்பு எல்லா முட்டிக்கும் பட்டை போடுவார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சாயங்காலம் அவருக்கு வேண்டிய கள். அதில் சாலிக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, அவரவர் பாடு. அந்த மரத்துக் கருப்பட்டியைத்தான் நோன்பு மாதத்தில் பள்ளிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

ஆட்சேபமெல்லாம் கிளி விஷயத்தில்தான். சிங்களத்தில் கிராமலித்தா என்பார்கள். சாலி வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. உடம்பு பச்சை, தலையும் வாலடியும் சிவப்பு, அலகும் சிவப்பு. மற்றக் கிளிகளைப் போல ஒரு வார்த்தை பேசப் பழகுமா என்றால் அதுவும் இல்லை, பறக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவே. தோட்டத்தில் தேயிலைக்கு நிழலாக வைத்த முள்முருக்கு பூத்தால் அதில் தேன் குடிக்கும், ஜம்பு பழுத்தால் ஜம்பைக் கொத்தும். முட்டையிடும் காலத்தில் பெட்டை, இலையை நீளநீளமாகக் கிழித்து, வாயில் தூக்கிப் போகாமல், வாலடி இறகுக்குள் செருகிக்கொண்டு பொந்துக்குப் பறக்கும். வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டு மலைக்குப் போகிற கொழுந்துக்காரியின் நினைப்பு அதற்கு. தூங்குவதும் ஒழுங்காகத் தூங்காது. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டுதான் தூங்கும். பார்க்கிறவர்கள் இலை என்றே நினைப்பார்கள். ஒரு நாள் பழுத்த இலை தொங்குகிறதே என்று சாலி கிள்ளப் போய், பெருவிரலில் ரத்தம் வரக் கடி வாங்கினார்.

இதெல்லாம் கூடப் போகட்டும். இது குடிக்கும். மரத்தில் நாலு முட்டி தொங்கினால், பட்டை போடாத அந்த ஒரு முட்டியைத் தேடிப்பிடித்து, விளிம்பில் தலைகீழாகத் தொங்கி, மூச்சுவிடாமல் குடிக்கும். குடித்துவிட்டு அப்படியே ஒற்றைக் காலில் தொங்கும். பிறகு அந்தக் காலும் நழுவும். கீழே ஹவுள்.

முதல் தடவை பொத்தென்று விழுந்தபோது சாலி பதறிப்போய் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனவருக்குக் குப்பென்று கள் வாடை. சின்ன வயதில், முன்பு மோதினாராக இருந்த அவருடைய மாமா, வீட்டுத் தண்ணீர்க் குடத்தைக் காட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது: “கள்ளுச் சொட்டு ஒண்டு பட்டாலும் போதும், தண்ணி அசுத்தம், நஜீஸ். ஊத்திட்டுக் கழுவணும்.” அன்று மாமா சொன்னது குடத்துக்கு. சாலி அதை ஹவுளுக்குப் பிடித்துக்கொண்டார்.

அடியில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கித் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டார். தேங்காய்த் தும்பைப் போட்டு நாலு பக்கமும் தேய்த்தார். பிறகு தோளில் கம்பு, கம்பின் இரு முனையிலும் ஒவ்வொரு மண்ணெண்ணெய்த் தகரம், ஓடைக்கு இறங்கினார். முப்பத்தெட்டு நடை. ஒவ்வொரு நடைக்கும் எழுபத்திரண்டு படி. நிறைத்து முடித்தபோது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் குரல் எழும்பவில்லை. கிளியோ வெயிலில் இறகைக் காயவைத்துக்கொண்டு, மறுபடி முட்டிக்குப் பறந்து போயிருந்தது.

இப்படி ஒரு தடவை என்றால் மறந்துவிடலாம். பாளை இருக்கிற மாதங்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை. சில வாரங்களில் இரண்டு. ஆறு வருஷம்!

ஊராருக்குக் காரணம் தெரியாது. கேட்டவர்களிடம் “பாசி புடிச்சிருந்திச்சி, கழுவினேன்” என்று சொல்லிவைத்தார். அதனால் அவருக்குக் கழுவல் மோதினார் என்று பெயரே விழுந்துவிட்டது. கடைக்காரர்கள் அவரைக் கண்டால், “மோதினார், எங்கட கடையையும் ஒருக்கா கழுவித் தாங்கொவன்” என்பார்கள். சாலி பல்லைக் கடித்துக்கொண்டு போவார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். பள்ளி ஹவுளில் கள் விழுகிறது என்று ரஸாக் முதலாளிக்குத் தெரிந்தால், அடுத்த வார்த்தை மரத்தை வெட்டு என்பதுதான். பதினைந்தாம் ஆண்டுச் சிங்கள முஸ்லிம் கலவரத்தில் பாதையோரக் கடைகள் எரிந்தபோது, ரஹ்மாவையும் சாலியையும் மூன்று நாள் தன் கருப்பட்டிக் குடிசைப் பரணில் ஒளித்துவைத்து, வாசலில் சீவுகத்தியோடு உட்கார்ந்திருந்தவர் ஹீன் அப்பு. அந்த மனுஷனின் மரத்தில் கோடரி விழ சாலி வாய்திறப்பாரா? மரத்தின் பெயரில் இரண்டு ஊர் மறுபடி முறைத்துக்கொண்டு நிற்கவும் அவருக்கு இஷ்டமில்லை.

ஒரே ஒரு தடவை ஹீன் அப்புவிடமே கெஞ்சிப் பார்த்தார். “அந்த ஒரு முட்டிக்கும் பட்டையப் போட்டா என்ன?”

“அனே நானா, அது மட்டும் கேக்க வாணாம்” என்றார் ஹீன் அப்பு. “நாள் முழுக்க மரம் ஏறுறது. அந்தியில அது இல்லாட்டி இடுப்பு நிமிராது.” ஆனாலும் முட்டி வாயில் வலை கட்டினார். கிளி வலையைக் கடித்து ஓட்டை போட்டது. பெரணி இலை செருகினார். இலையைக் கிழித்து வாலில் செருகிக்கொண்டு போய்விட்டது.

சாலி ஹவுளுக்கு மேலே கிடுகு வேய்ந்து மூடி ஒன்று போட்டார். நல்ல யோசனை என்று நாலு நாள் நிம்மதியாக இருந்தார். ஐந்தாம் நாள் குனிந்து பார்த்தால், கிடுகின் அடிப்பக்கத்தில் வரிசையாகப் பதினொரு கிளி தலைகீழாகத் தொங்கித் தூங்குகின்றன, நேர் கீழே தண்ணீரில் எச்சம். போதாக்குறைக்கு, தன் வாப்பாவின் பெயர் மறைகிறது என்று ரஸாக் முதலாளி வேறு குரல் கொடுத்தார். சாலி மூடியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார்.

“யாராவது ஆலிமிட்ட ஒரு வார்த்த கேளுங்கொ” என்று ரஹ்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். “ஓதினவங்களுக்குத் தெரியும். கேட்டா கொறஞ்சா போவீங்க?”

“கேட்டா எதுக்குக் கேக்கிறன்டு கேப்பாங்க. பொறகு மரத்த யார் காப்பாத்துற, நீயா? எனக்குத் தெரியாத மார்க்க மசலாவா? மாமா சொல்லித் தந்தது.”

மரத்தைக் காப்பாற்றுவது பாதிக் காரணம். எனக்குத் தெரியும் என்கிற வீம்பு மீதிப் பாதி. ரஹ்மாவுக்கு இரண்டும் தெரியும். அவள் பேச்சை விட்டுவிட்டு அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சப் போவாள். வலது முழங்கால் அதற்குள் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கித்துள் மரம் மேல்பாளையிலிருந்து கீழ்நோக்கிப் பூத்து, கடைசிப் பாளையோடு தானாகச் செத்துவிடும். சாலி தினமும் அண்ணாந்து பாளைகளை எண்ணினார். இன்னும் இரண்டு.

இருபத்தாறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூட்டம் வந்து நிற்கிறது, ஹவுளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சாலி பதினைந்தாம் நடையில் படியில் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தார். தொழுகை முக்கால் மணி பிந்திப்போனது. ரஸாக் முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: “சாலி, ஒங்கட கழுவலுக்கு நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாச்சி. இன்னொரு ஜும்ஆவுக்கு ஹவுள் காலியாக் கெடந்தா, வேற மோதினார் வருவார். ரூமையும் விட்டுக் குடுக்க வேண்டி வரும்.”

அதற்குப் பிறகு நாலு வெள்ளிக்கிழமை சாலி ஒரு நீளக் கழியோடு ஹவுள் ஓரத்தில் காவல் நின்றார். கிளி வரவில்லை. வராமலிருந்தும் அவரை வதைத்தது.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை, கடற்கரை ஊரிலிருந்து பாறூக் ஆலிம் என்று ஒரு பெரியவர் பயணத்தில் வந்து தங்கியிருந்தார். அவர்தான் குத்பாப் பிரசங்கம் ஓதப் போகிறார் என்று தோட்டக் கடைகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சாலி பாய் விரிக்க உள்ளே போன நேரம் பார்த்து, வெளியே பொத்தென்று சத்தம்.

ஓடிவந்தார். தண்ணீரில் சிறகை விரித்துக்கொண்டு, முகம் மேலே பார்க்க, அது மிதந்தது. ஆறு வருஷத்துக் கோபமும் தொண்டைக்கு வந்தது. அள்ளி எடுத்தார். அதே வாடை. சுற்றிப் பார்த்தார். முற்றத்தில் ஒருவரும் இல்லை. ஆட்கள் இப்போதுதான் கீழே பாதையில் பேசிக்கொண்டு ஏறி வருகிறார்கள்.

மரத்தின் மேலிருந்து ஹீன் அப்புவின் குரல் மெதுவாக வந்தது. “நானா, யாரும் பாக்கல்ல. கட்ட வஹகன்ன.” வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்.

மூடிக்கொண்டால் போதும். தொழுகை நேரத்துக்கு நடக்கும். அறை இருக்கும். முழங்காலும் தப்பும். ஐம்பத்தாறு வயதில் ரஹ்மாவையும் கூட்டிக்கொண்டு எந்த ஊரில் போய்ப் பாங்கு சொல்லிப் பிழைப்பது? ஆனால் வருகிற நாற்பது ஐம்பது பேரும் இந்தத் தண்ணீரில் ஒளு எடுத்துத் தொழுவார்கள். அந்தத் தொழுகை அத்தனையும் அவர் கழுத்தில் அல்லவா? சாலிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு கிளிக்காக, சே, ஒரு கிளிக்காக!

முதல் ஆள் ஹவுளில் குனிந்தபோது சாலி குறுக்கே போய்க் கையை விரித்தார். “யாரும் கை வெக்காதீங்கொ!”

ரஸாக் முதலாளி முன்னால் வந்தார். “என்ன சாலி, இன்டக்குமா கழுவப் போற?”

சாலி கையிலிருந்த கிளியை நீட்டினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், முட்டி, கள், ஆறு வருஷம், பாசி என்று சொன்ன பொய். சொல்லும்போது ரஸாக் முதலாளியைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை.

“பள்ளி ஹவுள்ல கள்ளா?” முதலாளியின் முகம் சிவந்தது. “இதச் சொல்லாம ஒளிச்சீங்களா? அந்த மரத்த இன்டக்கே வெட்டணும். இறங்கச் சொல்லுங்க அந்தாள!”

மரத்தில் ஹீன் அப்பு சீவுகத்தியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை சாலி பதினைந்தாம் ஆண்டில் பார்த்திருக்கிறார், வேறு முகங்களில்.

“கொஞ்சம் பொறுங்க.” பாறூக் ஆலிம் வழி விலக்கிக்கொண்டு வந்தார். ஹவுள் ஓரத்தில் குந்தி, ஒரு கை தண்ணீர் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். வாயில் விட்டுக் கொப்பளித்தார். “நீளம் அகலம் எவ்வளவு?”

ரஸாக் முதலாளிக்குக் கோபத்திலும் அது நாக்கு நுனியில் இருந்தது. “ஆறடி, நாலடி, ரெண்டடி ஆழம்.”

“ஒண்ணேகால் முழத்துக்கு ஒண்ணேகால் முழம், அதே ஆழம், அவ்வளவு தண்ணி நின்டாலே அது பெரிய தண்ணி. இது அதப்போல எத்தனையோ மடங்கு. நெறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. தண்ணி சுத்தம். கிளி குடிச்சது கிளியோட போச்சு.” ஆலிம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அங்கேயே ஒளு எடுக்கத் தொடங்கினார். “ஒரு சொட்டு பட்டாலே ஊத்தணும் என்டது குடத்துத் தண்ணிக்கு, மோதினார். ஹவுளுக்கு இல்ல. மரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

மேலே ஹீன் அப்பு மூச்சுவிட்டது கீழே கேட்டது. சாலிக்கு அந்த நிம்மதி முதலில் வந்தது. மற்றது பிறகு, மெல்ல வந்தது.

“அப்ப... இத்தன நாளும்?”

“இத்தன நாளும் எறச்சிருக்கத் தேவல்ல.” ஆலிம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீங்க சொமந்த ஒவ்வொரு தகரத்துக்கும் நன்ம இரிக்கி.”

“நன்ம இரிக்கட்டும் ஹஸரத்” என்றார் சாலி. “மொழங்கால் போயிட்டே!”

கூட்டம் சிரித்தது. ரஸாக் முதலாளியும் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? ஒளு எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும், “பாத்தீங்களா, ஹவுளப் பெரிசாக் கட்டினதால தப்பிச்சோம்” என்று சொல்லிக்கொண்டு நின்றார். சாலியின் கைக்குள் இருந்த கிளிக்கு அப்போது தெளிந்தது. நடுவிரலில் நன்றாக ஒரு கடி கடித்துவிட்டு, கீச்சென்று நேரே அந்த முட்டிக்கே பறந்தது. சாலி விரலை உதறிக்கொண்டே பாங்கு சொல்லப் போனார். அன்றைய பாங்கில் வழக்கத்தைவிடச் சத்தம் அதிகம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

தொழுகை முடிந்து அறைக்கு வந்தார். அறைக்கும் முற்றத்துக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புத்தான், ரஹ்மாவுக்கு ஒரு சொல்கூடத் தப்பியிருக்காது. நான்தான் சொன்னேனே என்று அவள் ஆரம்பிப்பாள், ஆரம்பித்தால் என்ன பதில் சொல்வது என்று அவர் தயாராகவே உட்கார்ந்திருந்தார். அவள் சோறு வைத்தாள். ஆணம் ஊற்றினாள். சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். எண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவரால் தாங்க முடியவில்லை. “ஏதாவது சொல்லேன்.”

“என்னத்தச் சொல்ற?” அவள் கை நிற்கவில்லை.

வெளியே பொத்தென்று சத்தம் கேட்டது. சாலி பாதி எழுந்து, மூலையில் இருந்த தகரத்துக்குக் கை நீட்டிவிட்டார். பிறகு கையை இழுத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ரஹ்மா தலை நிமிரவில்லை. அவள் விரல் கணுக்களும் வீங்கியிருப்பதை அவர் அப்போதுதான் கண்டார். அவர் இடுப்பு பிடித்துக் கிடந்த நாட்களில் பாதி நடையை அவள்தானே சுமந்தாள்.

“ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம்” என்றார் சாலி.

ரஹ்மா இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள்.

“மத்தக் காலக் காட்டுங்கொ” என்றாள்.